முதல் 200 வெள்ளி எப்போதும் எங்களுடையதா?

சிங்கப்பூர் தேசிய வளர்ச்சி அமைச்சின் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். இங்கே வாடகை ஒப்பந்தம் எப்படிப் போடப்படுகிறது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதனால் நேராக அந்த ஒரு பிரிவுக்கு வருகிறேன். சிறு பழுது ஏதும் வந்தால், ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு முறையும் முதல் 200 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) குடியிருப்பவர் கட்ட வேண்டும், மிச்சத்தை உரிமையாளர் ஏற்பார் என்கிற பிரிவு. சிலருக்கு 150, சிலருக்கு 300. தொகைதான் மாறும், பிரிவு மாறாது.

கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. பல்பு போனதற்கும் குழாய் வாஷர் தேய்ந்ததற்கும் ஓனரை எதற்குக் கூப்பிட வேண்டும்? அதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். சண்டை அதில் இல்லை.

செங்காங்கில் நாங்கள் குடியிருக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) நான்கறை வீட்டின் ஏர்கான், பள்ளிக்குப் போகும் என் மகளைவிட மூத்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சர்வீஸ் எங்கள் செலவு. அதைத் தவறாமல் செய்து ரசீதுகளையும் கோப்பில் வைத்திருக்கிறோம். அப்படியும் படுக்கையறை ஏர்கானிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. ஏஜென்டுக்குச் செய்தி அனுப்பினால், "மைனர் ரிப்பேர், டெனன்ட் பே லா" என்று பதில். சரி என்று ஆளைக் கூப்பிட்டோம். வடிகுழாய் அடைப்பு என்றார், சுத்தம் செய்தார், 200-க்குள் முடிந்தது. அடுத்து குளிர் வரவில்லை. கேஸ் நிரப்பினார்கள், அதுவும் 200-க்குள். மறுபடி சொட்டியது. கெமிக்கல் வாஷ், அதுவும் 200-க்குள். அதன்பின் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு போனது. இதற்குத்தான் பில் 200-ஐத் தாண்டியது. தாண்டி என்ன பயன்? முதல் 200 எங்களுடையதுதான். ஒவ்வொன்றும் தனிப் பழுதாம். ஒரே மிஷின், ஒரே சுவர், ஒரே கட்டில் மேல் சொட்டும் ஒரே தண்ணீர், ஆனால் கணக்கில் மட்டும் நாலு.

கடைசியாக வந்த டெக்னீஷியன் மலேசியத் தமிழர். "அண்ணே, இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க, மிஷின் ஆயுசு முடிஞ்சிருச்சு, ஓனரை மாத்தச் சொல்லுங்க" என்று எழுதியே கொடுத்துவிட்டுப் போனார். அதை அனுப்பினோம். "இன்னும் காற்று வருகிறதல்லவா?" என்று ஓனர் கேட்டார். காற்று வரத்தான் செய்கிறது. கட்டிலை நகர்த்தி, அது இருந்த இடத்தில் வாளி வைத்திருக்கிறோம், மகள் ஹாலில் மின்விசிறிக்கு அடியில் படுக்கிறாள். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஓனரின் முன் அனுமதி இல்லாமல் நாங்கள் எதையும் பழுது பார்க்கக் கூடாது. அனுமதி அவருடையது, பணம் எங்களுடையது.

ஓனரைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. கையெழுத்துப் போட்ட காகிதம் அவர் பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான். காகிதத்தில் என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். அதனால்தான் இந்த மடல் அவருக்கு அல்ல, உங்களுக்கு. வாடகை வீட்டில் எந்தப் பழுதுக்கு யார் பணம் கட்ட வேண்டும் என்பதைத் தயவுசெய்து சட்டமாக எழுதுங்கள்.

மாதிரி ஒப்பந்தம் ஒன்று ஏற்கெனவே வெளியிடப்பட்டிருக்கிறது என்பீர்கள். படித்திருக்கிறேன், நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்துவது அவரவர் விருப்பம். வீடு கேட்டு வரிசையில் நிற்பவன், "ஐயா, அந்த மாதிரியில் போடலாமா?" என்று கேட்டால் ஏஜென்ட் அடுத்த ஆளுக்குப் போன் போடுவார். 2022-ல் தனியார் வீட்டு வாடகைக் குறியீடு ஒரே ஆண்டில் 29.7 விழுக்காடு ஏறியபோது எங்களில் எத்தனை பேர் பிரிவு பிரிவாகப் பேரம் பேசியிருக்க முடியும்?

இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டுச் சட்டமே ஏழு ஆண்டுக்குக் குறைவான குடியிருப்புக் குத்தகையில் கட்டடம், தண்ணீர்க் குழாய், மின்சாரம், வெந்நீர் இவற்றைப் பழுது பார்ப்பது உரிமையாளர் பொறுப்பு என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதி அதிலிருந்து நழுவவும் முடியாது. ஜெர்மனியில் நம்முடையதைப் போலவே சிறு பழுதுப் பிரிவு உண்டு, ஆனால் ஒரு பழுதுக்கு இவ்வளவு, ஓராண்டுக்கு மொத்தம் இவ்வளவு என்று உச்சவரம்பு இல்லாவிட்டால் நீதிமன்றம் அதை ஏற்காது. அந்த ஆண்டு வரம்பு ஒன்று இருந்திருந்தால் எங்கள் வாளிக்கு வேலையே வந்திருக்காது. இவ்வளவு தூரம் போவானேன்? மேல் வீட்டிலிருந்து கீழ் வீட்டுக் கூரையில் கசிந்தால் இரண்டு வீட்டு உரிமையாளர்களும் பொறுப்பு என்று வீவக தெளிவாகச் சொல்கிறது, பாதிச் செலவைத் தானே ஏற்கும் திட்டமும் வைத்திருக்கிறது. உரிமையாளருக்கும் உரிமையாளருக்கும் நடுவே கோடு போடத் தெரிந்த அரசுக்கு, உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் நடுவே போடத் தெரியாதா?

எங்கள் ஒப்பந்தத்தை அரசு பார்ப்பதே இல்லை என்றும் சொல்ல முடியாது. முத்திரைத் தீர்வைக்குப் பார்க்கிறது. மாதம் 3,000 வெள்ளி, இரண்டு ஆண்டு என்றால் மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, 288 வெள்ளி. அதுவும் குடியிருப்பவர் பணம்தான். வாடகை வருமானத்துக்கு வரி கட்டும் உரிமையாளருக்கோ, பராமரிப்பு உள்ளிட்ட செலவுகளுக்கென்று மொத்த வாடகையில் 15 விழுக்காட்டை ரசீதே காட்டாமல் கழித்துக்கொள்ள இடம் உண்டு. அதே 3,000 வெள்ளி வீட்டுக்கு ஆண்டுக்கு 5,400 வெள்ளி. ரசீதுகள் என் கோப்பில், கழிவு அவர் கணக்கில். இதை யார் யோசித்து வைத்தார்களோ, அவர்களுக்கு என் வணக்கம்.

பேச ஆரம்பித்தால் நிற்காது. வீடு பார்க்கப் போனால் பெயரைக் கேட்டதும் "லைட் குக்கிங் ஒன்லி" என்கிறார்கள். தாளிப்பது லைட்டா ஹெவியா என்று தீர்மானிக்க ஒரு மன்றம் வேண்டும். வீட்டைக் காலி செய்யும்போது சுவரில் ஆணி அடித்த ஓட்டைக்கும் வைப்புத்தொகையில் பிடிக்கிறார்கள். நாங்கள் வருவதற்கு முன்பே இருந்த ஓட்டை அது என்று நிரூபிக்கப் படம் எடுத்து வைத்திருக்க வேண்டும். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறதே என்பீர்கள். 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குத்தகை என்றால் போகலாம், வழக்கறிஞர் தேவையில்லை, நல்ல ஏற்பாடுதான். ஆனால் வேலை போய், வேலை அனுமதி பாஸ் ரத்தாகி, வழக்கமாகக் கிடைக்கும் 30 நாளில் மூட்டை கட்டுபவன், வைப்புத்தொகை வரவில்லை என்று எந்த விமானத்தை ரத்து செய்வான்?

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். கேட்பது இதுதான். ஏர்கான், வாட்டர் ஹீட்டர், குழாய், மின்கம்பி இவற்றின் பழுது, குடியிருப்பவர் உடைத்தாலன்றி, உரிமையாளர் செலவு என்று சட்டமாக எழுதுங்கள். சிறு பழுதுப் பிரிவு இருக்கட்டும், ஆனால் ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் அதை ஒரே பழுதாக எண்ண வேண்டும், ஆண்டுக்கு ஒரு மொத்த வரம்பும் வேண்டும். பழுது பற்றி எழுத்தில் தெரிவித்த பிறகு உரிமையாளர் எத்தனை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

எங்கள் ஒப்பந்தம் அடுத்த ஆண்டு புதுப்பிக்க வருகிறது. அதற்குள் இதைப் பரிசீலித்தால் உதவியாக இருக்கும். சட்டத்துக்கு நாள் பிடிக்கும் என்றால், மாதிரி ஒப்பந்தத்தின் பழுதுப் பிரிவையாவது இப்போதே கட்டாயமாக்குங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செங்காங்கில் வாடகைக்குக் குடியிருப்பவன்