என் வேகத்தில் என்னை நடக்கவிட்டவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம்.

பிரான்சின் தென்மேற்கு எல்லையில் உள்ள சான் ழான் பியே தெ போர் என்ற சிற்றூரில் தொடங்கி, ஸ்பெயினின் சான்டியாகோ தே கொம்பொஸ்தேலா நகரில் முடிகிற காமினோ என்ற யாத்திரைப் பாதையை, என் 66ஆம் வயதில் 43 நாட்களில் நடந்து முடித்துத் திரும்பியிருக்கிறேன். ஏறத்தாழ 780 கிலோமீட்டர் நீளும் அப்பாதையில் புர்கோஸ் நகரம் வரையிலான முதல் பகுதியைத் துணையோடும், எஞ்சிய பெரும்பகுதியைத் தனியாகவும் நடந்தேன். இந்த நடையில் எனக்கு உதவியவர்களில் பலரிடம் போகிற போக்கில்தான் நன்றி சொல்ல முடிந்தது. சிலரிடம் அதுவும் முடியவில்லை. அந்தக் கடனை இம்மடலின் வழியே தீர்க்க விரும்புகிறேன்.

முதல் நன்றி, என்னோடு வர இயலாது என்று வெளிப்படையாகச் சொன்னவர்களுக்கு. வழித்துணை தேடி நான் இரண்டு ஆண்டுகள் அலைந்தேன். ஒரு நடைக்குழு என் வயதைக் கேட்டதுமே மறுத்துவிட்டது. இளையவர்கள் நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் நடக்கத் திட்டமிட்டிருந்தார்கள். என் வயதுத் தோழியரில் பலருக்கு ஒரு வாரம் வீட்டைவிட்டு நகர்வதே பெரும்பாடாக இருந்தது. அவர்களில் மூன்று பேர் மட்டும், “பார்க்கலாம்” என்று இழுத்தடிக்காமல், முழங்கால் வலியையோ விருப்பமின்மையையோ நேரடியாகச் சொன்னார்கள். தேடுகிறவருக்குத் தெளிவான மறுப்பு எவ்வளவு பெரிய உதவி என்பதை, மழுப்பலான சம்மதங்களை நம்பி மாதக்கணக்கில் காத்திருந்த பிறகே அறிந்துகொண்டேன்.

என்னைவிட ஐந்து வயது இளையவளான என் வழித்துணைக்கு எப்படி நன்றி சொல்வதென்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர் மூலம் அறிமுகமான அவள், உடனே சம்மதிக்காமல், முதலில் முதுகுச்சுமையோடு அடுத்தடுத்து இரண்டு நாட்கள் தலா 20 கிலோமீட்டர் சேர்ந்து நடந்து பார்க்கலாம் என்றாள். அந்த இரண்டு நாட்களில் அவள் காலையில் விரைந்து நடந்து பிற்பகலில் தளர்கிறவள் என்பதும், நான் முதல் ஒரு மணி நேரம் தடுமாறிப் பிறகு சீராகிறவள் என்பதும், காலை வேளையில் எங்கள் இருவருக்குமே பேச்சு பிடிக்காது என்பதும் தெரியவந்தன. பிறகு ஒரு குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்கு எழுவது, பொதுச் செலவை எப்படிப் பகிர்வது, முன்னால் செல்பவர் எங்கே காத்திருப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். கடைசியாக எழுதிய வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. “ஒருவர் நின்றுவிட்டால் மற்றவர் தொடர வேண்டும்; தொடர்வதற்காக மன்னிப்புக் கேட்கக் கூடாது” என்பதே அந்த வரி. இது கல்நெஞ்சம் அல்லவா என்று கேட்டேன். “இப்போது எழுதாவிட்டால், அக்கா, அங்கே போய் நாம் இருவருமே பொய் சொல்வோம்” என்றாள்.

என் உடலைத் தயார்செய்த இயன்முறை மருத்துவருக்கு அடுத்த நன்றி. முதல் நாள் அந்த அம்மையார் என் வயதைப் பற்றி எதுவும் பேசாமல், மருத்துவமனைப் படிக்கட்டில் என்னை இறங்கி வரச் சொல்லிக் கீழே நின்று பார்த்தார். ஏறும்போது மூச்சுதான் வாங்கும், இறங்கும்போதுதான் முழங்கால் அடிபடும் என்று விளக்கினார். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களின் எலும்பு அடர்த்தி குறைவதால், நடக்கும் தொலைவையும் சுமையையும் வாரா வாரம் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும் என்றும், தொடைத் தசைகளுக்குத் தனியே பயிற்சி வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார். முதுகுச்சுமை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதில் அவர் சற்றும் விட்டுக்கொடுக்கவில்லை. நீண்ட நடையில் பாதம் வீங்கும் என்பதால் காலணியை அரை அளவு பெரிதாக வாங்கச் செய்தார். கிளம்புவதற்கு முந்தைய வாரம், தரையில் அமர்ந்து என் காலைத் தம் மடியில் வைத்துக்கொண்டு, காலணியின் மேல்கோடித் துளையில் கயிற்றை வெளியே விடாமல் சிறு வளையமாக நிறுத்தி, எதிர்ப்பக்கக் கயிற்றை அதற்குள் நுழைத்து இழுத்துக் கட்டிக் காட்டினார். அப்படிக் கட்டினால் குதிகால் அசையாது, இறக்கத்தில் விரல்நகங்கள் முன்பக்கம் இடிக்காது. பிரனீஸ் மலையில் 1,400 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தைத் தொட்டுவிட்டு ரொன்செஸ்வாலியெஸ் மடத்தை நோக்கிச் செங்குத்தாக இறங்கிய முதல் நாளில், நடுவழியில் நின்று கயிற்றை அவர் காட்டியபடி மறுபடி கட்டிக்கொண்டேன். 43 நாட்களில் ஒரு நகம்கூடக் கறுக்கவில்லை.

புர்கோஸை நெருங்கும்போது என் துணையின் கணுக்காலுக்கு மேலே, முன்னெலும்பை ஒட்டிய இடம் சிவந்து வீங்கியது. அவள் பாதத்தை அசைக்கும்போது அந்த இடத்தில் விரலை வைத்தால், உலர்ந்த தோல் உரசுவதைப் போன்ற நறநறப்பு விரலுக்குத் தெரிந்தது. தசைநாண் அழற்சி, பல வாரம் ஓய்வு வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். நானும் திரும்பிவிடுகிறேன் என்று நான் அழுதபோது, அவள் ஒன்றும் பேசாமல் அந்தக் குறிப்பேட்டைத் திறந்து, கடைசி வரியின்மீது விரலை வைத்து என் பக்கம் திருப்பினாள். பேருந்தில் ஏறுமுன் தன் பையிலிருந்த சிறு கல்லையும் என்னிடம் கொடுத்தாள். பாதையின் மிக உயர்ந்த பகுதியில், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் நிற்கும் குரூஸ் தே ஃபெர்ரோ என்ற இரும்புச் சிலுவையின் அடியில் நடையர்கள் தங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த கல்லை வைப்பது வழக்கம். எங்கள் இருவரின் கல்லையும் நான் அங்கே பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன்.

தனியே நடந்த முதல் சில நாட்கள் அச்சத்தில்தான் கழிந்தன. அயலாரைக் குறித்த அச்சம் அதில் சிறு பங்கே. விழுந்து கிடந்தால் பார்க்க ஆளில்லையே என்ற அச்சம்தான் பெரிது. கரியோன் தே லோஸ் கொந்தெஸ் ஊரைத் தாண்டினால் அடுத்த ஊருக்கு 17 கிலோமீட்டர். இடையில் வயல்வெளி மட்டுமே. அன்று விடியலில் எனக்கு முன்னால், எழுபதைக் கடந்தவராகத் தெரிந்த பெண்மணி ஒருவர் போய்க்கொண்டிருந்தார். அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. ஏறக்குறைய அரை மணிக்கு ஒருமுறை அவர் நின்று திரும்பி, கைத்தடியை உயர்த்துவார். நான் என் தடியை உயர்த்தும்வரை காத்திருந்துவிட்டு மறுபடி நடப்பார். எனக்காக வேகத்தைக் குறைக்கவுமில்லை, என்னைப் பக்கத்தில் அழைக்கவுமில்லை. ஊர் கண்ணில் பட்டதும் கடைசியாக ஒருமுறை தடியை உயர்த்திவிட்டுப் போய்விட்டார். அம்மா, இம்மடல் உங்களை எட்டப்போவதில்லை என்று அறிந்தும் எழுதுகிறேன். அதற்குப் பிறகு நான் தனிமைக்கு அஞ்சவில்லை.

என் மகனுக்கும் ஒரு நன்றி உண்டு. மாலையில் தங்குமிடம் சேர்ந்ததும் செய்தி அனுப்புவேன். இரவு எட்டு மணிவரை வராவிட்டால் முதலில் தங்குமிடத்தை அழைப்பது, பிறகு அவசர உதவி கேட்பது என்று பேசி வைத்திருந்தோம். பகலில் ஒருமுறைகூட “எங்கே இருக்கிறீர்கள்?” என்று அவன் கேட்கவில்லை. அது அவனுக்கு எவ்வளவு கடினம் என்பதை நான் அறிவேன். கேட்காமலே கீழ்க்கட்டிலை ஒதுக்கித் தந்த விடுதித் தொண்டர்களையும், ஒ செப்ரெய்ரோ ஊரின் பங்குத்தந்தையாக இருந்து, 1984இல் வழிநெடுக மஞ்சள் அம்புக்குறிகளை வரையத் தொடங்கிய எலியாஸ் வலிஞாவையும் நன்றியோடு நினைக்கிறேன். மூடுபனியில் தனியே நிற்கிற பெண்ணுக்கு ஒரு கல்லின்மீது தெரிகிற மஞ்சள் கோடு என்ன தருகிறது என்பதை அங்கே நின்றவர்கள் அறிவார்கள்.

நான் நேரில் காணாத இரு பெண்களையும் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையை ஒரே பருவத்தில் முழுவதுமாக நடந்த முதல் பெண்ணான மில்ட்ரெட் நார்மன், 1952இல் ஒரு நண்பரைத் துணையாகக் கொண்டு அதை நடந்தார். மறு ஆண்டு தொடங்கி, 1981இல் மறையும்வரை, உலக அமைதிக்காகத் தனியாகவே நடந்தார். அதே பாதையை 1955இல் 67 வயதில் தனியே நடந்து முடித்த எம்மா கேட்வுட், 11 பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். அதற்கு முந்தைய ஆண்டு அவர் வழிதவறி, மூக்குக்கண்ணாடி உடைந்து, வீட்டுக்குப் போகச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர் என்பதுதான் எனக்கு மிகவும் உதவியது. பயிற்சியின் தொடக்கத்தில் எட்டாவது கிலோமீட்டரில் உட்கார்ந்துவிட்ட நாட்களில், அவருடைய தோல்வியைத்தான் நினைத்துக்கொள்வேன்.

என் துணையின் கால் இப்போது முழுவதும் குணமாகிவிட்டது. வழியில் தங்கும் இடங்களில் முத்திரை பெறுகிற அவளுடைய யாத்திரை ஏட்டில் புர்கோஸ் முத்திரைக்குப் பிறகு பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. வரும் வசந்தத்தில் அங்கிருந்து தொடரப் போகிறாள். நானும் வரட்டுமா என்று கேட்டேன். தனியாகப் போக விரும்புவதாகச் சொல்லிவிட்டு, மாலைச் செய்தியை மட்டும் எனக்கு அனுப்பலாமா என்று கேட்டாள். இரவு எட்டு மணி என்று அந்தக் குறிப்பேட்டிலேயே எழுதி வைத்திருக்கிறோம். பகலில் நான் அவளை அழைக்க மாட்டேன்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
உங்கள் வழியில் நடந்தவள்