வெடிமருந்தை நிறுப்பதற்கு முன் கட்டையைப் பாருங்கள்: ரைஃபிள் நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

நூறு மீட்டரில் உங்கள் ரைஃபிளின் குரூப் (அடுத்தடுத்துச் சுட்ட குண்டுகள் இலக்கில் விழும் பரப்பு) சில நாள் 29 மில்லிமீட்டருக்குள், அதாவது ஒரு கோண நிமிடத்துக்குள் அடங்குவதாகவும், வேறு சில நாள் உள்ளங்கை அளவுக்கு விரிவதாகவும், ஆகவே தோட்டாக்களை இனி நீங்களே தயாரித்துக்கொள்ளப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். கருவிகளை வாங்கும் முன், ரிசீவர் (குழல் பொருத்தப்பட்டிருக்கும் உலோக உடல்) கட்டையில், அதாவது தோளில் அணைத்துப் பிடிக்கும் பகுதியில், எப்படி அமர்ந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அமர்வு சரியில்லாத ரைஃபிளில் நல்ல தோட்டாவைத் தேடுவது, ஆடுகிற தராசில் தங்கம் நிறுப்பதற்குச் சமம்.

சோதனை எளிது. தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, குழலின் பின்வாயை மூடும் போல்டைக் கழற்றி, ரைஃபிளை நிமிர்த்திப் பிடியுங்கள். கட்டையின் முன்முனையையும் குழலையும் ஒருசேரத் தொடும்படி ஒரு விரலை வைத்துக்கொண்டு, ரிசீவரின் முன் திருகை மெல்லத் தளர்த்துங்கள். குழல் கட்டையிலிருந்து நகர்வது விரலுக்குத் தெரிந்தால், திருகு இறுகும்போதெல்லாம் ரிசீவர் வளைகிறது என்று பொருள். மிகச் சிறு அசைவையும் அளக்கும் டயல் இண்டிகேட்டரில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் அசைவு தெரிந்தால், ரிசீவர் அசையாமல் அமர, கட்டையில் கெட்டியாகும் பிசினால் எபாக்சிப் படுக்கை இட வேண்டும் என்பது பொதுவான வழக்கம்.

அந்த வேலையில் கவனம் முழுவதும் ரிசீவரின் அடியில் துருத்தி நின்று, சுடும்போது வரும் பின்னுதைப்பைத் தாங்கும் முட்டின் மேல் இருக்கட்டும். முட்டின் பின்முகம் படுக்கையோடு முழுமையாகப் பொருந்த வேண்டும். முன்முகத்திலும் பக்கங்களிலும் அடியிலும் டேப் ஒட்டி, சிறு இடைவெளி விட்டுவிட வேண்டும். எபாக்சி ஒட்டாமலிருக்கப் பூசும் மெழுகைத் திருகுப் புரிகள்வரை தடவுங்கள். ஓரிடம் விட்டுப்போனாலும் ரிசீவரும் கட்டையும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிடும். குழலைப் பொறுத்தவரை, ஒரு காகிதத் துண்டு குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ரிசீவர்வரை தடையின்றிப் போய்வர வேண்டும். மெல்லிய குழல்கள் சில, முன்முனையில் லேசான மேல்நோக்கிய அழுத்தம் கொடுத்தால் நன்றாகச் சுடும் என்பது உண்மைதான். ஆனால் மரக்கட்டை ஈரத்தில் உப்பும்போது அந்த அழுத்தமும் மாறி, குண்டு விழும் இடமும் மாறிவிடுவதால், எனக்கு அந்த வழியில் நம்பிக்கை இல்லை.

இனி தோட்டா. வெடிமருந்து உற்பத்தியாளரின் கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்து சிறிது சிறிதாக ஏற்றுங்கள். உச்ச அளவைத் தாண்டவே வேண்டாம். போல்ட் திறக்கக் கடினமாக இருந்தாலோ தோட்டாவின் அடியிலுள்ள தீமூட்டியான பிரைமரின் விளிம்பு தட்டையாகிப் பரவினாலோ, கையேட்டு அளவு இன்னும் எட்டப்படாவிட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பலர் மருந்தை 0.1 கிரெய்னுக்கும், அதாவது சுமார் 6.5 மில்லிகிராமுக்கும், துல்லியமாக நிறுத்துக் களைத்துப்போகிறார்கள். 40 கிரெய்ன் மருந்து கொள்ளும் தோட்டாவில் அது கால் சதவீதம்தான். அதனால் வரும் வேக வேறுபாடு நூறு மீட்டரில் கண்ணில் படுவது அரிது, தொலைவு கூடும்போதுதான் குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதறுவதில் வெளிப்படும். குறுந்தொலைவில் அதைவிடப் பலன் தருபவை, பித்தளைக் கூட்டின் கழுத்து எல்லாத் தோட்டாக்களிலும் ஒரே இறுக்கத்தில் குண்டைப் பிடிப்பதும், குண்டு கோணாமல் நேராக அமர்வதும், அது எவ்வளவு ஆழத்தில் அமர்கிறது என்பதும்தான்.

மூன்று குண்டு குரூப்பைக் கண்டு மயங்கிவிடாதீர்கள். ஒரே ரைஃபிளில் ஒரே தோட்டாவைச் சுட்டாலும், ஐந்து குண்டு குரூப்பின் சராசரி விரிவு மூன்று குண்டு குரூப்பினுடையதைப் போல் ஏறத்தாழ 1.27 மடங்காகவும், பத்துக் குண்டுக்கு 1.6 மடங்காகவும் இருக்கும். இது வெறும் கணக்கின் விளைவு, தோட்டாவின் குறை அன்று. ஆகவே எபாக்சி இடுவதற்கு முன்னும் பின்னும் ஒரே உற்பத்தித் தொகுதியைச் சேர்ந்த ஆலைத் தோட்டாக்களையே, ஒரே எண்ணிக்கையில், திருகுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் ஒரே அளவுக்கு இறுக்கிச் சுட்டுப் பாருங்கள். அந்த இரண்டு இலக்குத் தாள்களையும் எனக்கு அனுப்பிவிட்டு, அதன் பிறகு மருந்துத் தராசு வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

அன்புடன்,
உங்கள் நண்பன்