பாப்பாவுக்கு, பொட்டலத்தோடு ஒரு கடிதம்

பழைய வண்ணாரப்பேட்டை
தை மாதம்

அன்புள்ள பாப்பா,

இதோட ரெண்டு பொட்டலம் வருது. பெருசு அம்மா கொடுத்த பருப்புப் பொடி. சின்னது நான் அரைச்ச மூஞ்சி கழுவுற மாவு. ரெண்டுலயும் பேர் எழுதி ஒட்டியிருக்கேன்.

போன்லயே சொல்லியிருக்கலாம். நீதான் ரெண்டு வார்த்தைக்குள்ள "மீட்டிங் இருக்குப்பா"ன்னு வச்சுடறியே. பொங்கலுக்கும் டெல்லிப் பக்கத்துலேர்ந்து வரல. அன்னிக்கு வீடியோல ஒரு நிமிஷம் உன் மூஞ்சியைப் பார்த்தேன். கன்னம் ரெண்டும் செவந்து, மூக்கோரம் செதில் செதிலா உரிஞ்சு கிடந்துது. "குளிருப்பா"ன்ன. அம்மாவும் குளிருதான்னா. அதுக்கப்புறம் நீ காமிராவே போடல. சரி, குளிருதான்னே வச்சுக்கறேன். குளிருக்குச் செய்ய வேண்டியதை முதல்ல சொல்லிடறேன்.

சோப்பை மூஞ்சிக்குப் போடறத இன்னியோட நிறுத்து. நம்ம தோல் லேசா புளிப்புத் தன்மை உள்ளது, புளிப்பை அளக்கற பி.எச். கணக்குல அஞ்சு கிட்ட இருக்கும். சோப்பு ஒம்பது, பத்து, புளிப்புக்கு நேர் எதிர். போடப்போட தோல் மேல இருக்கற எண்ணெய்ப் பசை போயிடும், உள்ள இருக்கற ஈரமும் நிக்காது. அங்க நீ சொல்ற உப்புத் தண்ணியில சோப்பு சரியா கரையவும் கரையாது, தோல் மேலயே படிஞ்சு நிக்கும். கீசர்ல கொதிக்கக் கொதிக்கத் தண்ணி பிடிச்சு மூஞ்சியில ஊத்தாதே. சின்ன வயசுலயே உனக்கு அந்தப் பழக்கம். கை வச்சா சுடக்கூடாது, அவ்வளவுதான் பதம். ரூம் ஹீட்டரை மூஞ்சிக்கு நேரா வைக்காதே.

இப்ப மாவு. ஆயா அரைக்கற நலங்கு மாவைத்தான் அனுப்பணும்னு அம்மா ஒரே பிடிவாதம். நான் அனுப்பல, அதுக்குக் கோபமா இருக்கா. ஆயா மாவு நல்ல மாவுதான், நானே இத்தனை வருஷமா நம்ம நாட்டு மருந்துக் கடையில அதைத்தான் கட்டிக் கொடுக்கறேன். ஆனா அது நல்லா இருக்கற தோலுக்கு. பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர், கோரைக்கிழங்கு எல்லாம் வாசனைச் சரக்கு. உரிஞ்சுபோன தோல்ல பட்டா எரியும். எல்லாத்தையும் விட கார்போகரிசி. வெண்புள்ளிக்கு வைத்தியர் பார்த்துக் கொடுக்கற சரக்கு அது. அதைத் தடவிட்டு வெயில்ல போனா தோல் வெந்து கறுத்துடும். அதை மூஞ்சி மாவுல சேர்த்துக் கேட்கறவங்களுக்கு நான் இப்பல்லாம் போடறதில்ல. வேணும்னா வேற கடை பாருங்கம்மான்னு சொல்லிடறேன்.

அதனால உனக்கு ரெண்டே சரக்குதான். ஓட்ஸ் மூணு பங்கு, பயத்தம் பருப்பு ஒரு பங்கு. ஓட்ஸ் நம்ம கடைச் சரக்கு இல்ல, மளிகைக் கடையில சர்க்கரை, வாசனை எதுவும் சேர்க்காததா வாங்கினேன். கஞ்சி வைக்கற ஓட்ஸா மூஞ்சிக்குன்னு நினைக்காதே. நைசா அரைச்ச ஓட்ஸ் மாவு தோல் அரிப்பை, எரிச்சலை அடக்கும்னு அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி கொடுக்கற எஃப்.டி.ஏ. 2003-லயே ஒத்துக்கிட்டது. பயத்தம் மாவு அழுக்கை எடுக்கும். கடலை மாவு வேணாம்.

ரெண்டையும் வெயில்ல காய வச்சு, அரைச்சு, மல்லுத் துணியில வஸ்திரகாயம் பண்ணியிருக்கேன், அதாவது துணி வழியா சலிச்சிருக்கேன். சல்லடையில சலிச்சா போதும்னு அம்மா சொன்னா. போதாது. சல்லடையில தப்பற குருணை உன் தோலைக் கீறும். ஒரு ஸ்பூன் எடுத்து ஒரு டம்ளர் தண்ணியில போட்டுப் பாரு, பால் மாதிரி கலங்கி நிக்கும், அடியில சட்டுனு படியாது. அந்தப் பதம் வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப அரைச்சேன்.

ராத்திரி ஒரு வேளை போதும். மூஞ்சியை முதல்ல நனைச்சுக்கோ. ஒரு டீஸ்பூன் மாவை உள்ளங்கையில எடுத்து, வெதுவெதுப்பான தண்ணி விட்டுக் குழைச்சு, விரல் நுனியால லேசா தடவி உடனே கழுவிடு. தேய்க்காதே, காய விடாதே. பால் ஊத்தலாமா, தயிர் ஊத்தலாமான்னு யாராவது சொன்னா கேட்காதே. தயிர்ல இருக்கற புளிப்பு உரிஞ்ச இடத்துல சுரீர்னு ஏறும். எலுமிச்சம்பழம் கிட்டவே போகாதே. துண்டால ஒத்தி எடுத்துட்டு, ஈரம் இருக்கும்போதே வாசனை இல்லாத வாஸ்லின் கொஞ்சமா தடவிடு. காலையில வெறும் தண்ணி போதும்.

முன்கூட்டியே குழைச்சு வைக்காதே. கெடாம இருக்க இதுல எதுவும் சேர்க்கல, தண்ணி பட்டா பூஞ்சை வரும். ஈரக் கையை டப்பாவுக்குள்ள விடாதே. மொத நாள் மூஞ்சியில போடாதே, முழங்கை மடிப்புல தடவிக் கழுவிட்டு ரெண்டு நாள் பாரு. அரிக்கலன்னா போடு.

மெட்ராஸ்ல எல்லாரும் சௌக்கியம். தம்பி பரீட்சைக்குப் படிக்கறேன்னு மொட்டை மாடியிலயே கிடக்கறான். உன் ஐடி கார்டு போட்டோவை அவன் போன்லேர்ந்து எடுத்து பிரிண்ட் போட்டுக் கல்லாப் பெட்டிக்கு மேல ஒட்டியிருக்கேன். ராசப்ப செட்டித் தெருவுல சரக்கு போடற பெரியவர் வந்தப்போ, "யாரு, நம்ம பாப்பாவா, கணக்கு எழுதிக் கொடுக்குமே"ன்னு கேட்டார். ஆமாம், தனியா டெல்லிப் பக்கம் போய் சம்பாதிக்கறான்னு சொன்னேன். தைரியமான பொண்ணுய்யான்னார். தைரியம் இருக்கு, அப்பன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத்தான் மனசு வரல.

சுடுதண்ணி வேணாம். அதை மறுபடியும் சொல்றேன்.

பாப்பா, கடையில உட்கார்ந்து நானும் எத்தனையோ மூஞ்சி பார்த்திருக்கேன். குளிர்ல வெடிச்ச தோல் எப்படி இருக்கும், வேற ஒண்ணு எப்படி இருக்கும்னு தெரியும். போடிநாயக்கனூர்லேர்ந்து நம்ம தெருவுக்குக் கட்டிக்கிட்டு வந்த பொண்ணு ஒண்ணு, வெள்ளையாகப் பொடி கேட்டு வந்துது. அப்படி ஒரு பொடி கிடையாதும்மான்னு அனுப்பிட்டேன். அது ஒரு மருந்துக் கடையில ட்யூப் வாங்கிப் போட்டுது. மொதல்ல பளபளன்னு இருந்துது. அப்புறம் கன்னம் செவந்து, தோல் மெலிஞ்சு, உள்ள இருக்கற ரத்தக் குழாய் சிவப்பு நூலா தெரிஞ்சுது. வெயில்ல வந்தா எரியுதுன்னு அழுதுது. ட்யூபை நிறுத்தினா இன்னும் செவந்துடுது, அதனால விடவும் முடியல. கடைசியில ஸ்டான்லி ஆஸ்பத்திரி தோல் டாக்டர்தான் கேட்டுக் கண்டுபிடிச்சாங்க, அதுல ஸ்டீராய்டு இருக்குன்னு. அந்த மாதிரி பல க்ரீமை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு 2018-லயே அரசாங்கம் சொல்லியாச்சு. இன்னும் கைக்குக் கை போகுது.

அந்த ஒரு நிமிஷத்துல உன் கன்னத்துல நான் பார்த்தது அதுதான்.

தப்பா இருந்தா கோவிச்சுக்கோ. ஆனா ஆவணியில உன்னைப் பொண்ணு பார்க்க வந்த அந்தம்மா நம்ம ஹால்ல உட்கார்ந்து போட்டோவைப் பத்திக் கேட்டது உன் காதுல விழுந்துதுன்னு எனக்குத் தெரியும். நீ காபித் தட்டோட நிலைப்படியில நின்னே. அதுக்கப்புறம் வீட்டுல யாரும் அந்தப் பேச்சை எடுக்கல. பெரியம்மா "அவங்க பதில் சொல்லல"ன்னு உன்கிட்ட சொன்னாங்களாம், போன வாரம்தான் எனக்குத் தெரிஞ்சுது. அவங்க பதில் சொல்லாம இல்ல பாப்பா. மறுநாளே தரகர் வந்தார். அவங்களுக்குப் பிடிச்சிருக்கு, பவுன் மட்டும் கொஞ்சம் கூட்டிப் பேசலாம்னார். எதுக்குக் கூட்டணும்னு கேட்டேன். அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். எங்களுக்கு இந்த இடம் வேணாம், இனிமே அந்த வீட்டுப் பேச்சோட என் கடை வாசல் ஏறாதீங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். அம்மாவுக்குத் தெரியும். வேணாம்னு சொன்னது நான்தான்.

உன் நிறம் ஆயா நிறம். எங்கம்மா நிறம். அதை மாத்தணும்னு எந்த மருந்தும் நான் இந்தக் கையால கட்டினதில்ல.

அதனால கேட்கறேன், திட்ட மாட்டேன். ஏதாவது ட்யூப் போடறியா? அட்டைப் பெட்டியில சின்ன எழுத்துல பாரு. க்ளோபிடசால், பீட்டாமெத்தசோன், மொமெடசோன், எல்லாம் ஸ்டீராய்டு, இதுல எந்தப் பேர் இருந்தாலும் நீயா சட்டுனு நிறுத்தாதே, எரிச்சல் தாங்காது. தோல் டாக்டரைப் பார்த்து, எத்தனை நாளா போடறன்னு மறைக்காம சொல்லு, எப்படிக் குறைக்கணும்னு அவங்க சொல்வாங்க. அந்தப் பக்கம் அரசாங்க ஆஸ்பத்திரி எய்ம்ஸ் இருக்கு, சஃப்தர்ஜங் இருக்கு. கூட்டத்துல நிக்க நேரம் இல்லன்னா தனியார்கிட்டயே போ, காசு தம்பி மூலமா போட்டு விடறேன். வெறும் தண்ணி பட்டாலே மூஞ்சி எரியுதுன்னா டாக்டர் பார்க்கற வரைக்கும் நான் அனுப்பின மாவையும் போடாதே, ஓரமா வை. மாவு கெடாது, ஈரம் மட்டும் படக்கூடாது.

இதெல்லாம் இல்ல, வெறும் குளிருதான்னா எனக்குச் சந்தோஷம். அப்ப முழங்கையில பார்த்துட்டு ராத்திரி ஒரு வேளை போடு.

டாக்டர்கிட்ட போற அன்னிக்கு அந்த ட்யூபை அட்டைப் பெட்டியோட எடுத்துட்டுப் போ. வெளிய வந்ததும் எனக்குப் போன் பண்ணு. கடையில ஆள் இருந்தாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
அப்பா