மிஷன் வீட்டுத் திருப்பணி நிறைவு அறிக்கை

சபையார் அனைவருக்கும் ஸ்தோத்திரம். நம் பழைய மிஷன் வீட்டுத் திருப்பணி கர்த்தருடைய கிருபையால் முடிந்தது. காணிக்கை தந்தவர்களுக்கும், விடுமுறை நாளில் வந்து மண் சுமந்த வாலிபர்களுக்கும் கமிட்டியின் நன்றி. தணிக்கையான வரவு செலவுக் கணக்கு ஆலய அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. "சிமெண்ட் பூசியிருந்தால் எப்போதோ முடிந்திருக்குமே" என்று பலரும் கேட்டதால், அதைப் பற்றித்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

முதலில் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். கொட்டேஷன்கூட வாங்கிவிட்டோம். "ஒருதரம் தரங்கம்பாடி போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்" என்று கமிட்டியின் மூத்த அங்கத்தினர் ஒருவர் சொன்னதில்தான் எல்லாம் மாறியது.

டேனிஷ்காரர் வசம் இருந்த காலத்தில், ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் 1706 ஜூலையில் வந்து இறங்கிய கடற்கரை ஊர் அது. தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அங்கேதான் அச்சானது. அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718இல் பிரதிஷ்டையானது. முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்கின் முத்திரையும் கிரீடமும் அந்த ஆண்டும் இன்றும் இருக்கின்றன. மறு வருடமே ஐயர் காலமாகி, அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கமானார். 1845இல் டேனிஷ்காரர் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 2004இல் சுனாமி வந்தது. இத்தனைக்குப் பிறகும் அங்கே ஞாயிறு ஆராதனை நடக்கிறது. ஐயர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். கை வைத்த தலைமுறைகளின் அடையாளத்தை மறைக்காமலே ஒரு கட்டடத்தை உறுதியாக வைத்திருக்கலாம் என்று அங்கே நின்றபோது எங்களுக்குத் தோன்றியது. திரும்பி வந்ததும் கொட்டேஷனை ரத்து செய்தோம்.

நம் மிஷன் வீட்டின் நோயே சிமெண்ட்தான். முன்பொரு பழுதின்போது வெளிச்சுவர் முழுக்க அதைப் பூசினார்கள், நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். ஆனால் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டாக வேண்டும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. ஈரம் உள்பக்கம் திரும்பி, உப்புப் பூத்து, பலிபீடப் படம் மாட்டியிருந்த சுவர் பொரிந்து கொட்டியதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

அதனால் சிமெண்டை மெதுவாகத் தட்டி எடுத்தோம். மெஷின் வைக்கவில்லை, உளியும் சுத்தியலும்தான். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றி, வாரக்கணக்கில் ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை விட்டுக் காரை செய்தோம். பூசிய சுவர் சீக்கிரம் காய்ந்தால் வெடித்துவிடும் என்பதால் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு நாள்தோறும் தண்ணீர் தெளித்தோம். தாமதத்துக்குக் காரணம் இதுதான். எங்கள் கொத்தனார் ஒவ்வொரு காலையும் விரல் நகத்தால் சுவரைக் கீறிப் பார்ப்பார். தடம் பதிந்தால், இன்னும் இறுகவில்லை என்று தலையசைத்துவிட்டு அடுத்த சுவருக்குப் போய்விடுவார்.

இனி கிழக்கு அறை. அங்கே டிஸ்டெம்பரைச் சுரண்டியபோது அடியில் பச்சை வந்தது, அதற்கும் அடியில் நீலம், அப்புறம் வெள்ளை. ஜன்னல் பக்கத்தில் மட்டும் வெள்ளைக்கு முன்பாக நீளமாக ஒரு கறுப்புப் பட்டை. கரும்பலகை! அந்த அறையில் பள்ளிக்கூடம் நடந்ததைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம், கண்ணால் பார்த்தது அன்றுதான். பட்டையின் கீழ் விளிம்பு நம் இடுப்புக்கும் கீழே இருக்கிறது. சிறு பிள்ளைகளின் கை எட்டும் உயரம். அதைப் பூசி மூட ஒருவருக்கும் மனம் வரவில்லை, அப்படியே விட்டிருக்கிறோம். பார்ப்பதற்கு அது வேலை முடியாத சுவர் மாதிரித் தெரியும். தயவுசெய்து யாரும் வெள்ளையடித்துவிட வேண்டாம்.

பள்ளிக்காலத்தில் வராந்தாவை அடைத்துக் கட்டிய சுவரை இடித்து ஆதி அமைப்புக்குக் கொண்டுபோகலாம் என்று ஒரு யோசனை இருந்தது. அதையும் கைவிட்டோம். அந்தச் சுவர் இல்லாவிட்டால் கரும்பலகை ஏன் அங்கே இருக்கிறது என்று யாருக்கும் புரியாது.

மெட்ராஸ் டெரஸ் தளத்தில் (மரக் கட்டைகள்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கூரைத் தளம்) செல்லரித்த தேக்குக் கட்டைகளை மாற்றி, மழைநீர்க் குழாய்களைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டிருக்கிறோம். மின்வயரிங் முழுவதும் புதிது.

புதுச் சுவரில் ஆணி அடிக்காதீர்கள், டேப் ஒட்டாதீர்கள். கிறிஸ்துமஸ் தோரணத்துக்கென்று மேலே மரச்சட்டம் வைத்திருக்கிறோம். எந்தக் காரணத்துக்காகவும் பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம், சுண்ணாம்பு வெள்ளை மட்டும் அடித்தால் போதும். மீந்த சுண்ணாம்பு பின்கட்டுத் தொட்டியில் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் அடுத்த பழுதுக்கு அதையே எடுத்துப் பூசலாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டியார்