கேஸ் கசியாமலும் உயிர் போகும்

ஆசிரியருக்கு வணக்கம்.

குளிர்காலம் வந்துவிட்டால் பெங்களூரு, ஓசூர் பக்கமிருந்து ஒரே மாதிரியான செய்தி வருகிறது. குளிக்கப் போனவர் வெகுநேரமாக வெளியே வரவில்லை. கதவை உடைத்துப் பார்த்தால் இறந்து கிடந்தார். பல சமயம் ‘கேஸ் கசிந்து பலி’ என்றே தலைப்புப் போடுகிறார்கள். அந்தத் தலைப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். கேஸ் கீசர் சாவுகளில் பலவற்றில் கசிவே இருப்பதில்லை. கீசர் ஒழுங்காகத்தான் எரிந்துகொண்டிருந்திருக்கும். அது எரியத் தேவையான காற்று அந்த அறையில் இருந்திருக்காது.

கசிவு என்று படிப்பவர், நம் வீட்டில் நாற்றமே இல்லையே, டியூபும் புதுசுதானே என்று நிம்மதியாகிவிடுவார். கசிந்தால் தெரியட்டும் என்று சிலிண்டர் கேஸில் மெர்காப்டன் கலக்கிறார்கள், நாற்றம் வருவது அதனால்தான். காற்று போதாமல் எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். அப்புறம் கால் தளர்ந்துவிடும். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற தாழ்ப்பாளைக்கூட திறக்க முடியாது.

ஒரு கிலோ எல்.பி.ஜி. முழுதாக எரிய சுமார் 12 கன மீட்டர் காற்று வேண்டும். நிமிடத்துக்கு 6 லிட்டர் கொடுக்கும் கீசர் மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ எரிக்கும். 5 அடிக்கு 7 அடி குளியலறையில் மொத்தமே 9 கன மீட்டர் காற்றுதான். கால் மணி நேரம் எரிந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு காலி. ஆக்சிஜன் குறையக் குறைய மோனாக்சைடு ஏறும். அடைத்த அறையில் ஒருவர் குளித்த கையோடு அடுத்தவர் போனால், இரண்டாவது ஆளுக்குத்தான் ஆபத்து அதிகம்.

எங்கள் ஓசூர் வாடகை வீடுகளின் குளியலறை வென்டிலேட்டரைப் பாருங்கள். மூன்று கண்ணாடிப் பட்டைகள், அதற்கு மேல் கொசுவலை, மார்கழி வந்தால் வலைக்கு மேல் அட்டையும் செல்லோடேப்பும். அதற்குக் கீழேயே கீசரை மாட்டிவிட்டுப் போகிறார்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்பார்கள். சரி, ஃபேன் வெளியே இழுக்கிற காற்றுக்கு ஈடாக உள்ளே வர வழி எங்கே? புகைக்குழாய் வைத்த கீசராக இருந்தால் இன்னும் மோசம். குழாய் வழியே போக வேண்டிய புகையை ஃபேனே அறைக்குள் திருப்பி இழுத்துவிடும். கதவின் அடியில் அடைக்கவே முடியாத ஒரு ஜாலி, மேலே எப்போதும் திறந்திருக்கும் ஒரு வழி, இரண்டும் வேண்டும்.

அதைவிட நல்லது, கீசரைக் குளியலறைக்குள் வைக்காமலே இருப்பது. காற்றோட்டமுள்ள பால்கனியிலோ பின்கட்டிலோ மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவரலாம். சில அடி குழாய்ச் செலவுதான். அதற்குக்கூட சுவரில் துளை போட விடாத வீட்டு உரிமையாளர்களை என்னவென்று சொல்வது? கீசர் உள்ளேதான் இருக்கிறது என்றால், கதவைத் திறந்து வைத்து வாளியை நிரப்புங்கள். கீசரை அணைத்து, அறையில் கொஞ்ச நேரம் காற்று மாறியபின் குளியுங்கள்.

கேஸ் ஏஜென்சியிலிருந்து அடுப்பையும் டியூபையும் சோதிக்க வருகிறவர்கள் குளியலறைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. கீசர் எங்கே இருக்கிறது, காற்று எப்படி வருகிறது, தீ நீலமாக எரிகிறதா மஞ்சளாகவா என்பதையும் பார்த்து எழுதிக் கொடுக்கச் சொல்லி எண்ணெய் நிறுவனங்கள் உத்தரவிட வேண்டும். பழுது பார்க்கச் சொல்லி வற்புறுத்த வாடகைக்கு இருப்பவர் கையில் அந்தத் தாளாவது இருக்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய செய்தி போடும்போது, காரணம் மோனாக்சைடு என்று உறுதியானால் அப்படியே எழுதுங்கள். கூடவே இதையும் போடுங்கள்: மயங்கியவரை உடனே திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 108-ஐ அழைக்க வேண்டும். மருத்துவமனையில் ‘கேஸ் கீசர் எரிந்துகொண்டிருந்தது’ என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டருக்கு இந்த விஷம் பிடிபடாது, 98, 99 என்றே காட்டும். சொன்னால்தான் மருத்துவர் தாமதிக்காமல் முழு ஆக்சிஜன் கொடுப்பார்.

இப்படிக்கு,
வாசகி, ஓசூர்