செயலாளர் ஆண்டறிக்கை: பாவடித் திடல்

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சாக்கடை தூர்வாரல், நாய்த் தொல்லை மனுக்கள் கோப்பில் இருக்கின்றன. இந்த ஆண்டு பெரும்பாலும் திடலோடுதான் போனது.

சேலத்தில் நெசவாளர் நிறைந்த பகுதிகளில் பாவடி என்ற பெயர் அடிக்கடி காதில் விழும். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, அறுந்த இழையை முடிந்து, வெயில் ஏறுமுன் சுருட்டிய இடம் அது. ஒரு பாவுக்கு நாலைந்து பேராவது வேண்டும். ஆள் இருந்ததால் டீ வந்தது, டீ வந்ததால் பேச்சு வந்தது. விசைத்தறி வந்து, கஞ்சி போட்ட பாவே பீமில், அதாவது தறியில் மாட்டும் உருளையில், சுற்றி வர ஆரம்பித்ததும் திடலுக்கு விடிகாலை வேலை போயிற்று. வேன் நிறுத்தும் இடமாயிற்று.

திடலுக்குக் களை கூட்ட நாம் முதலில் செய்தது சுவரில் ஓவியமும் வாசலில் வளைவும். அழகுதான். அதற்காக ஒருவரும் வந்து உட்காரவில்லை.

உட்கார வைத்தது கல்பலகைதான். பழைய பலகைகள் 22 அங்குல உயரம். பெரியவர்களுக்குக் கால் தரையில் எட்டாது, தொடை மரத்துப்போகும். அதோடு தெருவுக்கு முதுகு காட்டிச் சுவரைப் பார்த்திருந்தன. இப்போது 17 அங்குல உயரம், 16 அங்குல அகலம், தெருவைப் பார்த்த முகம். வேம்பின் கிழக்குப் பக்கம் போட்டால்தான் பிற்பகல் வெயிலுக்கு நிழல் விழும். மேற்கே போட்ட இரண்டு பலகை சித்திரையில் தோசைக்கல்லாகிவிடுகிறது, மாற்ற வேண்டும். மரத்தூரோடு ஒட்டிப் பேவர் பிளாக் பதித்திருந்தார்கள். தண்ணீர் இறங்காமல் வேர் மேலே கிளம்பிக் கற்களைத் தூக்கியது. தூரைச் சுற்றி 3 அடிச் சதுரம் மண்ணாகவே விட்டிருக்கிறோம்.

உயர விளக்கு மரக்கிளைக்கு மேலே எரிகிறது, கீழே இருட்டு. 12 அடிக் கம்பத்தில் மஞ்சள் வெளிச்சம் போதும். எதிரே வருபவர் முகம் தெரிந்தால் இரவு 8 மணிக்கும் பெண்கள் இந்த வழியே வருவார்கள்.

தட்டுவடை செட் வண்டிகளை அப்புறப்படுத்தச் சொல்லி மூன்று உறுப்பினர்கள் எழுதியிருக்கிறார்கள். என் கருத்து வேறு. இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட், கேரட், வெங்காயம் வைத்துச் சட்னி தடவித் தரும் நேரத்துக்குள் நாலு பேர் நின்று பேசிவிடுகிறார்கள். வண்டி விளக்கே ஒரு காவல். 2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி நாம் நினைத்தபடி விரட்டவும் முடியாது. குறை உள்ளது நிஜம்: கழுவிய தண்ணீர் நடைபாதையில் ஓடுகிறது, பிளாஸ்டிக் தட்டு பறக்கிறது. 2019 ஜனவரி முதல் அந்தத் தட்டுக்குத் தமிழ்நாட்டில் தடை. வாழையிலைத் துண்டுக்கு ஒத்துக்கொண்டார்கள். நடப்பவருக்கு 6 அடி விட்டுக் கோடு போட்டிருக்கிறோம். சிலிண்டர் வண்டிக்குள் இருக்க வேண்டும், தெருப்பக்கம் நீட்டக்கூடாது.

ஆடியில் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கைக்கு, அந்த அலங்கார வண்டி ஊர்வலத்துக்கு, ஊரே கூடுகிறது. அந்தக் கூட்டத்தை வைத்து ஒரு தெருவை எடைபோட முடியாது. ஒரு சாதாரணப் புதன்கிழமை காலை 7, 11, மாலை 4, இரவு 8 மணிக்குத் திடலில் நடப்பவர், உட்கார்ந்திருப்பவர், அதில் பெண்கள், குழந்தைகள் எத்தனை பேர் என்று தாளில் குறித்தாலே நிலவரம் தெரியும். 11 மணிக் கட்டம்தான் நமக்கு வெறுமையாக நிற்கிறது. கீரை, பூ விற்பவர்களுக்கு அந்நேரம் நிழலில் இடம் தரலாம் என்பது செயற்குழுவின் யோசனை.

பெண்களும் பெரியவர்களும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தங்காததற்குக் காரணம் பூட்டிக் கிடக்கும் கழிப்பறை. தண்ணீர் இருக்கிறது, குழாய் இருக்கிறது, கழுவ ஆள் இல்லை. நாளைக்கு இரண்டு முறை சுத்தம் செய்யச் சம்பள ஆள், சாவி யாரிடம், சந்தாவை எவ்வளவு கூட்டுவது: இந்த மூன்றுக்கும் பொதுக்குழு இன்றே முடிவு சொல்ல வேண்டுகிறேன்.

செயலாளர்