ஆண்டறிக்கை 2024-25: பாட்டில் வாங்காத வருடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, தெருவின் பெரியவர்களே, அக்கா தங்கைமாரே, அனைவருக்கும் வணக்கம்.

நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான செயல் அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதம் ஒருமுறை நிர்வாகக் குழு கூட வேண்டும் என்பது விதி. இரண்டு மாதம் ஆள் சேராமல் தள்ளிப் போயிற்று. அதில் ஒன்று, ஆடி அமாவாசையை ஒட்டிக் குழித்துறையில் நடக்கும் வாவுபலிப் பொருட்காட்சி நேரம். எல்லோரும் குழித்துறையில் இருந்தால் இங்கே யாரை வைத்துக் கூட்டம் நடத்துவது?

சென்ற பொதுக்குழுவில் மகளிர் பிரிவு கொண்டுவந்த தீர்மானம் உங்களுக்கு நினைவிருக்கும். சங்கப் பணத்தில் இனி எந்த நிகழ்ச்சிக்கும் பாட்டில் குளிர்பானம், பாக்கெட் பலகாரம் வாங்கக் கூடாது, குடிப்பதும் கொறிப்பதும் நம் வீடுகளிலேயே செய்ய வேண்டும் என்பது அது. கை தட்டி ஒருமனதாக நிறைவேற்றினோம். கை தட்டியவர்களில் எத்தனை பேர் அண்டா தூக்க வந்தார்கள் என்பதையும் இந்த அறிக்கையில் சொல்லத்தான் போகிறேன்.

முதல் சோதனை சித்திரை விஷு. ஏப்ரல் 14 ஞாயிற்றுக்கிழமையாகவும் அமைந்ததால் கணி பார்த்த கையோடு எல்லோரும் சங்கக் கட்டடத்துக்கு வந்துவிட்டார்கள். கருப்பட்டிப் பானகம் வைத்திருந்தோம். ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கருப்பட்டி 150 கிராம், ஒரு எலுமிச்சை, இரண்டு ஏலக்காய், விரல் நுனியில் எடுத்த சுக்குப்பொடி, கல் உப்பு ஒரு துளி. அடுப்பே பற்றவைக்க வேண்டாம். கருப்பட்டியை உடைத்துத் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் விட்டால் தானே கரையும். அடியில் மண் தங்கும், அதனால் வெள்ளைத் துணியில் வடிகட்டாமல் விடக் கூடாது. பெரியவர்கள் இரண்டு மூன்று டம்ளர் குடித்தார்கள். பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். உள்ளதைச் சொல்கிறேன், கறுப்பாக இருக்கும் எதுவும் மருந்து என்றே அவர்களுக்கு எண்ணம். எலுமிச்சைச் சாறு பிழிந்து சீனி கலக்கிக் கொடுத்த பிறகே சமாதானம் ஆனார்கள். அதைக் கேரளத்துப் பாறசாலையிலிருந்து வந்திருந்த நம் மைனி ஒருவர் போஞ்சி என்று சொல்ல, அன்று முழுவதும் பிள்ளைகள் வாயில் போஞ்சிதான்.

கொறிக்க அவல். மட்டி வாழைப்பழம், துருவிய தேங்காய், சீவிய கருப்பட்டி மூன்றையும் நனைத்த அவலில் போட்டுக் கையால் பிசைந்தால் முடிந்தது வேலை. நம் மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மட்டியையும் பேயன் வாழையையும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்தது தண்ணீர்ப்பந்தல். நாடாளுமன்றத் தேர்தலோடு நம் விளவங்கோடு இடைத்தேர்தலும் ஏப்ரல் 19இல் இருந்ததால், அதற்கு முன் பந்தல் போட்டால் யார் கொடி, யார் படம் என்று வம்பு வரும் என்று காத்திருந்தோம். 21ஆம் தேதி நெடுஞ்சாலை ஓரம், புளியமரத்தடியில் தொடங்கினோம். மாநில எல்லையான களியக்காவிளையில் கேரள பஸ்ஸை விட்டு இறங்கி நம் பஸ்ஸுக்கு மாறி வருகிறவர்கள், மீன் கூடைக்காரிகள், லாரி டிரைவர்கள் என்று காலை பத்து மணிக்கே கூட்டம் கூடிவிடும்.

பந்தலில் தினமும் கொடுத்தது சம்பாரம், இஞ்சி மிளகாய் தட்டிப் போட்ட மோர். முதல் நாள் நாங்கள் ஆண்கள் சேர்ந்து கலக்கினோம். தயிரில் தண்ணீரை ஊற்றி ஆற்றினோம், அவ்வளவுதான். கடைசி வீட்டு அம்மச்சி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "மக்களே, தயிரைக் கலக்குனா மோராயிருமா? கடையணும்லா" என்று சொல்லி மத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். வெண்ணெய் திரண்டு மேலே வர வேண்டும், அதை எடுத்துவிட வேண்டும். ஒரு பங்கு தயிருக்கு ஐந்து பங்கு தண்ணீர். இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, நாரத்தை இலை நான்கையும் அம்மியில் தட்டிப் போட வேண்டும், அரைக்கக் கூடாது. நாரத்தை இலையின் நடு நரம்பைக் கிழித்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். உப்பு கடைசியில். அம்மச்சி நரம்பு கிழிக்கும்போது பார்த்தேன். இலையை நீளவாக்கில் மடித்து, நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. பச்சை வாசனை பந்தல் முழுக்க எழும்பியது. மறுநாளிலிருந்து அண்டா ஒரு மணிக்கு முன்பே காலி.

ஐஸ் போடவில்லை. போடச் சொல்லி மூன்று உறுப்பினர்கள் எழுத்து மூலம் கேட்டார்கள். கடற்கரையில் மீன் பெட்டிக்குப் போகும் ஐஸ் குடிப்பதற்கு உரியது அல்ல என்று குழு முடிவு செய்தது. சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரை இரவே மண்பானையில் ஊற்றி, பானையை ஈர மணல் மேல் வைத்தோம். அந்தக் குளிர்ச்சி போதும். மணலை நனைக்க மறந்த இரண்டு நாள் மட்டும் போதவில்லை.

இனி அக்கானி, அதாவது பதநீர் விஷயம். இதை மறைத்து அறிக்கை எழுத முடியாது, ஏனென்றால் ஊரே பார்த்தது.

மே முதல் ஞாயிறு, பந்தலில் அக்கானி கொடுப்பதாக அறிவித்திருந்தோம். நம் தெருவில் பனையேறும் அண்ணன் இன்னும் ஒருவர் இருக்கிறார், ஒரே ஒருவர். விடியுமுன் மிருக்குத்தடி என்னும் ஏறுதடியைச் சாத்தி ஏறி, கலயங்களை இறக்கிக் கொடுத்தார். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு பூசி வைத்தால்தான் பாளையிலிருந்து இரவெல்லாம் சொட்டுவது அக்கானியாக நிற்கும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் அதுவே புளித்துக் கள்ளாகிவிடும். காலையில் வந்தது அருமையான அக்கானி. பச்சை மாங்காயைக் கீறிப் போட்டுப் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தபோது, ஓலையின் மணமும் சேர்ந்து இறங்கியதை வயதானவர்கள் கண்ணை மூடிக் குடித்தார்கள். அத்துடன் நிறுத்தியிருக்கலாம்.

கூட்டம் பெருகியதும், பக்கத்து ஊரில் வாங்கிய இன்னொரு கேனை நான்தான் கொண்டுவரச் சொன்னேன். கேன் வேறு, கை வேறு. அது வெயிலில் ஸ்கூட்டரில் வந்து, வெயிலிலேயே இரண்டு மணி நேரம் நின்றது. மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று நுரை. வரிசையில் நின்ற ஒருவர், "செயலாளரே, இது பாலத்துக்கு அந்தப் பக்கம் விக்க வேண்டிய சரக்குல்லா" என்றார். சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று. கேரளத்தில் கள்ளுக்கு உரிமம் உண்டு, இங்கே தடை. கேனை அப்படியே தென்னை மூட்டில் கவிழ்த்தோம். செலவை நானே ஏற்றுக்கொண்டேன் என்பதைப் பொருளாளர் கணக்கில் பார்க்கலாம். அக்கானி இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள், நிழலில் வைத்துத் தீர்த்துவிட வேண்டும், மீந்தால் அடுப்பில் ஏற்றிக் காய்ச்சிவிட வேண்டும் என்று இதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

மே நடுவில் கோடை மழை அடித்துப் பெய்ததால் பந்தலை நினைத்ததற்கு முன்பே பிரித்தோம். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் மாதம் முடியுமுன்னே வந்துவிட்டது.

பிள்ளைகளுக்கான விடுமுறை வகுப்பில் சக்கை அப்பம், அதாவது பலாப்பழ அப்பம் செய்தோம். கேரளம் 2018இல் சக்கையை மாநிலப் பழமாக அறிவித்துக் கொண்டாடியது. தமிழ்நாட்டுக்கும் அதுவே மாநிலப் பழம், நாம்தான் கீழே விழுந்து அழுக விடுகிறோம். அப்பத்துக்குச் சுளை கெட்டியான வருக்கை வேண்டாம், குழைவான கூழன்தான் சரி. சுளையைப் பிசைந்து, வறுத்த அரிசிமாவு, கருப்பட்டிப் பாகு, தேங்காய்ப்பூ, ஏலம் சேர்த்து, தெரளி இலையைக் கூம்பாகச் சுருட்டி நிரப்பி ஆவியில் அரை மணி நேரம். இட்லிச் சட்டி மூடியைத் திறந்ததும் எழுந்த தெரளி வாசனைக்கு, பானகத்துக்கு முகம் சுளித்த அதே பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். சக்கைப் பசை கையில் ஒட்டாமலிருக்கத் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னோம். தடவாமல் தலைமுடியில் கை வைத்த இருவரின் அம்மாமார் என்னிடம் பேசியதை இங்கே எழுதவில்லை.

கொல்லாம்பழச் சாறும், அதாவது முந்திரிப்பழச் சாறும் முயன்றோம். அண்டியை, அதாவது கொட்டையை எடுத்துக்கொண்டு பழத்தை எறிவதே நம் பழக்கம், தொண்டை காறும் என்பதால். பிழிந்த சாற்றில் கஞ்சித் தண்ணீர் ஊற்றி வைத்தால் காறல் திரிந்து அடியில் தங்கும், மேலே தெளிந்ததை எடுத்துக்கொள்ளலாம். சாறு நன்றாகவே வந்தது. சட்டையில் பட்ட கறைதான் போகவில்லை.

கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் முந்திரிக்கொத்து. பெயரில் முந்திரி இருந்தாலும் உள்ளே இருப்பது சிறுபயறுதான் என்பது வெளியூர் மருமகள்களுக்குப் புதிய செய்தி. வறுத்துப் பொடித்த பயறு, வறுத்த தேங்காய், எள், கருப்பட்டிப் பாகு. சூடு ஆறுமுன் உருட்டி, மறுநாள் மஞ்சள் சேர்த்த அரிசிமாவுக் கரைசலில் மூன்று மூன்றாகத் தோய்த்துப் பொரிக்க வேண்டும். இரண்டு வாரம் கெடாது. நம் தெருவில் அது நான்கு நாள்கூட இருந்ததில்லை.

மற்றவை: தெருவிளக்கு மனு மூன்று முறை கொடுக்கப்பட்டது, இரண்டு விளக்கு எரிகிறது. ஓடை தூர்வாரப்பட்டது. இரத்ததான முகாம் நடந்தது, கொடுத்தவர்களுக்கும் போஞ்சிதான். ஓணத்துக்குக் கயிறு இழுத்ததில் மகளிர் அணி வென்றது.

இப்போது குறை. செய்முறை எல்லாம் எளிது, யாரும் செய்யலாம். டம்ளர் கழுவ ஆள் இல்லை. பந்தல் நடந்த நாட்களில் எச்சில் டம்ளர் கழுவியது பெரும்பாலும் அதே நான்கு பெண்கள். குளிர்பானம் வாங்கினால் பாட்டிலைத் தெருவில் எறிந்துவிட்டுப் போகலாம், இதில் அது முடியாது. வரும் ஆண்டில் வீட்டுக்கு ஒரு ஆண் என்று கழுவும் முறைப்பட்டியல் போட வேண்டும் எனக் குழு பரிந்துரைக்கிறது. பெயர் கொடுக்க நோட்டு வாசலில் இருக்கிறது. இதுவரை தலைவரும் நானும் எழுதியிருக்கிறோம்.

கடைசியாக, பந்தலுக்கு வாங்கிய பெரிய அண்டாவின் மூடியும், அம்மச்சி வீட்டு மத்தும் இன்னும் திரும்பி வரவில்லை. வைத்திருப்பவர்கள் இந்தக் கூட்டம் முடிவதற்குள் எடுத்துவந்தால், யார் வீட்டில் இருந்தது என்று கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
செயலாளர்